டானிலோ பின்னிய ஆறு வரிசைகள்

பின்னல் வேலைதான் உலகத்திலேயே மிகச் சுலபமான வேலை. அதற்கு மூளை வேண்டாம், பலம் வேண்டாம். இரண்டு ஊசியும் உட்கார ஒரு நாற்காலியும் போதும். மனித குலத்துக்குக் கடினமான வேலைகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஐஸ் ஹாக்கியில் கோல் விழாமல் தடுக்கும் கோலியாக நிற்பது. மற்றொன்று, ஐஸ் ஹாக்கியில் நன்றாகக் கோலியாக நிற்பது.

இந்த உண்மையை டானிலோ ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓட்ஸ் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டாருக்கு அறிவித்தான். அவனுக்குப் பதினொரு வயது. ஊர்ச் சிறுவர் அணியின் கோலி. நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் விட்டிருந்தான். அவற்றில் ஏழுக்கு வெளிச்சம் சரியில்லாததுதான் காரணம். மீதி இரண்டுக்குக் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

அப்பா பின்னிக்கொண்டிருந்தார். கையில் ஊசி இருக்கும்போது யார் பேசினாலும் அவர் காதில் பாதிதான் விழும். இந்த அறிவிப்பில் அந்தப் பாதிகூட விழவில்லை என்று தோன்றியது.

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை மூன்று மணி வரை வண்டி சும்மா நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். அப்பா மேகம் பின்னுவார்.

பார்க்க அப்படித்தான் இருக்கும். மோஹேர் என்பது ஒருவகை ஆட்டின் முடியில் செய்த நூல். சிலந்தி இழை மாதிரி மெல்லியது. சுற்றிலும் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல் பொசுபொசுவென்று மயிர் நிற்கும். அதை அப்பா தடித்த ஊசிகளால், விட்டு விட்டு, தளர்வாகப் பின்னுவார். நீளமான சால்வை ஒன்று வரும். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான குழந்தைகளைப் படம் எடுப்பவர்கள் அதை வாங்கிப்போய், குழந்தையைப் பொட்டலம்போல் சுற்றுவார்கள். இழுத்தால் இழுபடும், விட்டால் அணைத்துக்கொள்ளும். அம்மா வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு குழந்தை தூங்கிவிடும். அப்போது படம் எடுத்துவிடலாம்.

"பாப்பாவை ஏமாத்துறதுக்கு ஒரு போர்வை" என்பது டானிலோவின் கருத்து. பேருந்தில் வரும் பையன்களின் கறுப்புச் சட்டைகளில் எல்லாம் ஆட்டு முடி ஒட்டுகிறது என்பது அவனுடைய வருத்தம்.

அன்று அப்பா கையில் இருந்த சால்வை ரோலண்ட் மாமாவின் மகளுக்கு.

ரோலண்ட் மாமாதான் ஊர் ஐஸ் அரங்கத்தில், ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுபவர். கதவளவு உயரம், கதவைவிடக் கொஞ்சம் அகலம். அந்த ஒன்பது கோல் ஆட்டம் முடிந்த மறுநாள் அவர் டானிலோவிடம் வந்து, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வா என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்காக மட்டும் அரங்கத்தைத் திறந்தார். விளக்குப் போட்டு, சாதாரண பூட்ஸ் காலோடு ஐஸில் நின்று, ஒரு மணி நேரம் அவனை நோக்கி பக் என்கிற ரப்பர் வட்டை அடித்துக்கொண்டே இருப்பார். பதினோரு சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. டானிலோ அதற்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. அரங்கத்தில் ஐஸ் இருப்பதுபோல மாமாவும் இருந்தார், அவ்வளவுதான்.

அவருடைய மகள் இங்க்ரிட், டாக்டர் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, வின்னிபெக் நகர மருத்துவமனையில் பிறந்தாள். அன்று காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே போன மாமா, காபி இல்லாமல் ஒரு நூல் உருண்டையோடு திரும்பினார். யாரும் கால் வைக்காத ஐஸ் விடியற்காலையில் என்ன நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். கடையில் அந்த நிறத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம்.

படம் எடுப்பது நாளை சனிக்கிழமை காலை. படம் எடுக்கும் மார்னி அக்கா மாதத்தில் ஒரு நாள்தான் இந்த ஊருக்கு வருவார். அடுத்த மாதம் என்றால் இங்க்ரிட் வளர்ந்துவிடுவாள். பொட்டலமாகச் சுருண்டு தூங்கச் சம்மதிக்க மாட்டாள்.

இரவெல்லாம் பனி கொட்டியதால் அன்று பேருந்துகள் ஓடவில்லை, பள்ளியும் இல்லை. அஞ்சலகத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது என்பதால் அம்மா வேலைக்கு நடந்தே போய்விட்டார். அப்பாவும் பேருந்தைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுக்க மண்வெட்டியோடு கிளம்பினார். இன்னும் ஒரு முழம்தான் பாக்கி, நூல் சரியாக இருக்கும், வந்து முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சால்வை நாற்காலியில் இருந்தது. டானிலோவின் தங்கை ஸெனியா அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

"அவ்ளோ சுலபம்னா ஒரு வரிசை போடேன், பாக்கலாம்."

"ஒண்ணு என்ன, ஆறு போடறேன்," என்றான் டானிலோ.

பின்னத் தெரியாதவன் அல்ல அவன். ஆறு வயதில் அப்பாவிடம் கற்றுக்கொண்டு, ஏழு வயதில் மறந்துவிடத் தீர்மானித்தவன். ஊசிகளைப் பிடித்தான். முழங்காலை மடக்கி, தோளை உயர்த்தி, எதையும் உள்ளே விடக்கூடாது என்ற உறுதியோடு பின்னினான். எதுவும் உள்ளே போகவில்லை. காற்றுகூடப் போகவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

ஆறு வரிசை முடிந்ததும் ஸெனியா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு பெல்ட் பின்னிட்ட."

உண்மைதான். மேகத்தின் குறுக்கே ஒரு கயிறு கிடந்தது. அந்த இடத்தில் சால்வை ஒடுங்கிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தான், இழுபடவில்லை. இப்படி ஒரு கயிற்றைக் குழந்தையைச் சுற்றிக் கட்ட முடியாது.

பிரித்துவிடலாம் என்று நூலை இழுத்தான். மோஹேரிடம் ஒரு குணம் உண்டு. பின்னியது சரியோ தப்போ, அதன் மயிர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. வெட்டினால் ஆறு வரிசை நூலும் வீண், சால்வை குட்டையாகிவிடும். வேறு நூலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ரோலண்ட் மாமா. தினமும் கேட்பதையே கேட்டார், எவ்வளவு நீளம் ஆகியிருக்கிறது என்று. அவருக்கும் அப்பாவுக்கும் ஹாக்கி மட்டைதான் அளவு.

"முக்கால் மட்டை, மாமா," என்றான் டானிலோ. "கொஞ்சம்... வேலை பாக்கி இருக்கு."

"பரவால்லடா, மெதுவா ஆகட்டும். நேத்து எடை பாத்தோம், மூணு கிலோ வந்துட்டா." மாமா கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், நாளைக்கு ஆறு மணிக்கு என்னால திறக்க முடியாதுடா. தப்பா எடுத்துக்காத. அடுத்த வாரம் ஒண்ணரை மணி நேரமா ஆடிடலாம்."

மன்னிப்பு கேட்க வேண்டிய ஆள் யாரோ, கேட்டது யாரோ. டானிலோ போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனான். முகம் கழுவினான். தலையையும் சேர்த்துக் கழுவினான். அழுதது தெரியக்கூடாது என்றால் எல்லாவற்றையும் நனைத்துவிடுவது நல்லது.

பிறகு, அப்பா வருகிறாரா என்று பார்க்கத் தொப்பிகூடப் போடாமல் வாசலில் போய் நின்றான். மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தவனைப் பார்த்து ஸெனியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முள்ளம்பன்றி வந்திருக்கு."

டானிலோ தலையைத் தொட்டான். முடி கம்பி கம்பியாக விறைத்து நின்றது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எதுவும் எதையும் கட்டிப்பிடிக்கவில்லை.

அவன் நாற்காலியில் கிடந்த சால்வையைப் பார்த்தான்.

"ஸெனியா, இதுவும் முடிதானே?"

"எது?"

"இது. ஆட்டோட முடிதானே?"

ஸெனியா சிரிப்பதை நிறுத்திவிட்டு, ரொட்டி வாங்கிய பை ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். சால்வையை ஊசியோடு அதற்குள் வைத்து, வாயைக் கட்டி, வாசல் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்டினார்கள். அரை மணி நேரம் இருவரும் கதவுக்கு உள்ளே நின்று கடிகாரத்தை முறைத்தார்கள்.

உள்ளே எடுத்து வந்து நூலை மெதுவாக இழுத்தான். முதல் கண்ணி சத்தமில்லாமல் கழன்று வந்தது. அடுத்ததும் வந்தது. விறைத்துப்போன மயிர்களுக்குக் கட்டிப்பிடிக்கத் தெம்பில்லை. ஆனால் ஒரு வரிசை பிரிவதற்குள் சமையலறைச் சூட்டில் நூல் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது. மறுபடி பைக்குள், மறுபடி வெளியே. ஒரு வரிசைக்கு ஒரு பயணம். அவன் பிரித்தான். ஸெனியா நூலைச் சுற்றினாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. இது அந்த வீட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

ஐந்தாவது வரிசையில் கதவு திறந்தது. புருவத்தில் பனியோடு அப்பா நின்றார். கையில் கதவில் மாட்டியிருந்த ரொட்டிப் பை. அதைக் கீழே வைக்காமலேயே, டானிலோ சொன்னதையெல்லாம் கேட்டார். அவன் எதையும் விடவில்லை. காலையில் கஞ்சிக்கு முன்னால் சொன்னதிலிருந்தே ஆரம்பித்தான். இந்த முறை அப்பாவின் காதில் முழுவதும் விழுந்தது.

"குளிர்ல வைக்கணும்னு யார் சொன்னா?" என்றார்.

"என் தலை," என்றான் டானிலோ. அது பொய் இல்லை.

அப்பா நூலைத் தடவிப் பார்த்தார். கழன்ற கண்ணிகளைப் பார்த்தார். "பதினாலு வருஷமா பின்னுறேன்டா. தப்பாப் போனதையெல்லாம் பூனைக்குத்தான் போட்டேன்." பிறகு மேலங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "ஆறாவதையும் நீங்களே பிரிங்க. நான் பாத்துக் கத்துக்கறேன்."

மதியத்துக்குச் செய்த பெரோகிக் கொழுக்கட்டை ஆறிப்போகும்வரை அப்பா பின்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்து, ஒரு மட்டை என்றார். மறுமுனையில் மாமா மூக்கை உறிஞ்சியது டானிலோ நின்ற இடம்வரை கேட்டது.

மறுநாள் மாமா வீட்டில் ஒரே வெக்கை. பாப்பாவுக்குக் குளிரக்கூடாது என்று மார்னி அக்கா அறையைச் சூடாக்கி வைத்திருந்தார். வருடம் முழுவதும் ஐஸிலேயே வேலை பார்க்கும் ரோலண்ட் மாமா ஒரு மூலையில் உருகிக்கொண்டிருந்தார். இங்க்ரிட் அழுதாள். அவள் இருந்த அளவுக்கு அந்தச் சத்தம் நியாயமே இல்லை. மார்னி அக்கா சால்வையை அவளைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றினார். முகமும் இரண்டு கால் விரலும் மட்டும் வெளியே தெரிந்தன. எங்கும் ஒரு முடிச்சு இல்லை, கயிறு இல்லை. இங்க்ரிட் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். படம் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டானிலோ மாமா பக்கத்தில் போய் நின்று, நேற்று நடந்ததைத் தானே சொன்னான். மாமா குனிந்து கேட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"நான் அந்த உருண்டையைக் கடையில கீழ போட்டு, தேடறேன்னு அது மேலயே ஏறி நின்னேன்," என்றார் மெதுவாக. "நீ யார்கிட்டயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் டானிலோ நன்றி சொல்ல நினைத்தான். சால்வை விஷயத்துக்கு இல்லை. பதினோரு சனிக்கிழமைக்கு. வாயைத் திறந்தான். தொண்டையில் ஒரு நல்ல கோலி நின்றுகொண்டு எதையும் வெளியே விடவில்லை.

கடைசிப் படத்துக்குத் தலையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் மார்னி அக்கா. அவர் கொண்டுவந்திருந்த பூ வைத்த பட்டைகள் எல்லாம் இங்க்ரிட்டின் மூக்குவரை வழுக்கி விழுந்தன. அவளுடைய தலை ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான் இருந்தது. சரி, விடுங்கள், இப்படியே எடுக்கலாம் என்றார்கள். பாப்பா விழித்துக்கொண்டாள். பால் குடிக்க அவளை உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் இருபது நிமிடம் ஆகும். பெரியவர்கள் எல்லாரும் கேக் சாப்பிடப் போனார்கள்.

அப்பாவின் பையில் ஊசிகளும், சால்வை முடிந்தபின் மிஞ்சிய நெல்லிக்காய் அளவு நூலும் இருந்தன.

ஸெனியா இரண்டு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு அண்ணனைத் தேடினாள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். தோள் இறங்கியிருந்தது. ஊசிகளை, கையில் முட்டை வைத்திருப்பவன்போல் பிடித்திருந்தான். மடியில் ஒரு விரல் அகலத்துக்கு, ஊதினால் பறந்துவிடும் போல ஒரு பட்டை வளர்ந்துகொண்டிருந்தது.

"உனக்குக் கேக் வேணாமா?"

"அப்புறம்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "ஏழாவது கண்ணியில இருக்கேன்."

ஸெனியா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு யோசித்து, அதில் கேக்கை வைத்துக்கொண்டாள்.