சாவிச்சொல்

விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை இணைத்தால் மட்டும் போதாது. உறங்க ஓர் ஆளையும் அழைத்து வர வேண்டும். பிரகாசி தன் கணவன் லூர்துராஜை அழைத்து வந்திருந்தாள்.

மயக்க மருந்துகள் மனித உடம்பில் வேலை செய்யாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அறுவைக்கூடங்களில் இப்போது ஊசி இல்லை, வாயு இல்லை; குரல்தான். நோயாளியின் நெற்றியில் உறங்குபட்டையைக் கட்டி, மயக்கச் செவிலி ஒரு சொல்லைச் சொல்வாள். அவள் குரலையும் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பட்டை மூளைக்குள் பூட்டிவிடும். கத்தி படுவது தெரியாமல் நோயாளி உறங்குவார். வேலை முடிந்ததும் பட்டையே எழுப்பும்.

ஆனால் பூட்டு அப்படியே இருக்கும். பிறகு எப்போது அதே குரலில் அதே சொல் காதில் விழுந்தாலும், பட்டை இல்லாமலேயே ஆள் சில நிமிடங்களுக்குச் சாய்ந்துவிடுவார். தொலைபேசியில் கேட்டாலும் அப்படித்தான். அதனால் யாரும் எங்கும் பேசாத, பொருளே இல்லாத சொற்களை மட்டும் சாவிச்சொல்லாகக் கொடுத்தார்கள். இன்றைய நுழைவுத் தேர்வில் பிரகாசிக்குக் கொடுத்த சொல் 'கிலமோரு'.

மயக்கச் செவிலியர் முதுநிலைப் படிப்புக்கு அவள் விண்ணப்பிப்பது இது முதல் தடவை அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்தும் ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றில் நழுவிப் போனது. இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது.

"கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு யாரும் இப்படி நெத்தியில கட்டல பிள்ள" என்றான் லூர்துராஜ், படுக்கையில் நீட்டிப் படுத்தபடி.

"சும்ம இரிங்க. சிரிச்சா ஆழமானி ஆடும்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவள் பட்டையை இயக்கினாள். அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் கைகள், வீடளவு பெட்டிகளை வானத்தில் நிறுத்தி வைக்கும் கைகள், படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தன. அவளை அறியாமல் வாய் முந்திக்கொண்டது.

"ஏங்க, பயப்படாதீங்க. நான் இங்கனதான இருக்கேன்."

'ஏங்க' என்றதுமே அவன் விரல்கள் தளர்ந்தன. இமைகள் மூடின. உறக்கத்தின் ஆழம் காட்டும் ஆழமானியின் முள் ஒரே இறக்கமாக இறங்கி அடியில் நின்றது. பிரகாசி இன்னும் கிலமோருவைச் சொல்லவே இல்லை.

விதி அவளுக்குத் தெரியும். தவறான சொல் பூட்டிக்கொண்டால் உடனே சொல்ல வேண்டும். கல்லூரியில் அதை அழித்துவிடுவார்கள். விண்ணப்பத்தையும்தான்.

அடுத்த படுக்கையிலிருந்து தேர்வாளர் உமையாள் வந்து முள்ளைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு ஆழம் எங்க கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கே வராதும்மா. கொடுத்த சொல்லைத்தானே சொன்னீங்க?"

"ஆமா மேடம்."

முதல் பருவத்திலேயே பூட்டை அழிக்கக் கற்றுத்தருகிறார்கள். தானே அழித்துவிடலாம். அதுவரை அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்தால் போதும். அவ்வளவுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அது எவ்வளவு என்று அன்று இரவுச் சாப்பாட்டிலேயே தெரிந்தது. "ஏங்க, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்றாள். சோற்றில் கை இருந்தபடியே அவன் தலை தொங்கியது. பிரகாசி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். அவன் மூச்சு அவள் கழுத்தில் சீராக விழுந்தது. இப்படி அவன் தன்மேல் சாய்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காக உடனே வெட்கப்பட்டாள்.

எழுந்ததும், "அசதி பிள்ள" என்றான்.

மறுநாளிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து வாயில் வராத பெயர். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

"சீட்டு கெடைக்கும் முன்னாடியே பேரு சொல்லிக் கூப்பிடுத. கெடைச்சிட்டா என்ன, ஏலே லூர்துன்னுதான் கூப்பிடுவியோ?"

"காலம் மாறிட்டுல்லா?"

மதியம் பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து சாப்பிட இறங்கும்போதே அவளோடு பேசிவிடுவது அவன் வழக்கம். காதில் செவிப்பேசி, கையில் ஏணிக் கம்பி. இறங்கி நின்று பேசக்கூடாதா என்று அவள் கண்டித்தும் கேட்டதில்லை. ஒரு நாள் அப்படி இறங்கிக்கொண்டே சொன்னான்:

"என்ன வேணும்னாலும் கூப்பிடு பிள்ள. ஆனா நீ 'ஏங்க'ன்னு சொல்லுவேல்லா, அதக் கேட்டா எம்புட்டு ஒசரத்துல நின்னாலும் தரையில நிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு."

பிரகாசி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் காலணிகள் கம்பியில் டங், டங்கென்று தரையைத் தொடும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரியின் செய்தி ஒரு நண்பகலில் வந்தது. மருத்துவமனை வராந்தாவில் நின்று படித்தாள். அனுமதி கிடைத்துவிட்டது. உறக்கத்தின் ஆழத்தில் அவளுக்குத்தான் முதலிடம். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின. துடைத்துக்கொண்டு கீழே படித்தாள்.

'உங்களை நம்பி உறங்கிய உங்கள் கணவருக்கு எங்கள் நன்றி. அன்று உறங்குபட்டையில் தானாகப் பதிவான உங்கள் குரலை நினைவுப் பரிசாக அவர் கைபேசிக்கும் அனுப்பியிருக்கிறோம்.'

அன்றைய பதிவு. கிலமோரு இல்லாத, 'ஏங்க' இருக்கும் பதிவு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் ஏணியில் இறங்கும் நேரம். கைபேசியில் அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க அடிக்கப் பெயரை நாக்கு நுனியில் நிறுத்தி வைத்தாள். லூர்து. லூர்து. லூர்து.

எடுத்துவிட்டான். கடற்காற்றின் இரைச்சல். டங், டங்.

"சொல்லு பிள்ள. உங்க காலேஜுல இருந்து என்னவோ வந்திருக்கு. உன் கொரலாம்லா? இரி, போட்டுக் கேட்டுட்டு..."

பயம் வந்தால் அவளுக்கு முதலில் வரும் சொல் எதுவோ, அதுதான் வந்தது.

"ஏங்க, அதக் கேக்காதீங்க."

கம்பியில் காலணிச் சத்தம் நின்றது. நீளமாக, நிம்மதியாக ஒரு மூச்சு இறங்கியது. அப்புறம் காற்று மட்டும்.

"லூர்து" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். இப்போது பெயர் தடங்கலே இல்லாமல் வந்தது.