மணலில் ஒன்று கூடுதல்

1952 பங்குனியில், எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே உள்ள மணல்மேட்டில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர்: ராயபுரம் அரிசி மண்டி வேதமாணிக்கம், அவருடைய தம்பி ராசையா, இருவரையும் படகில் அக்கரை சேர்த்த முகத்துவாரக்குப்பத்து எத்திராஜ். நான்காவதாக ஒருவரும் இல்லை.

பதினோரு மணிக்கு முதல் கூட்டம் மேட்டைத் தாண்டியது. அண்ணன் ஐந்து என்றார். தம்பி ஆறு என்றான்.

குளிர்காலம் முடிந்து வடக்கே திரும்பும் பருந்துகளை எண்ணித் தரும்படி நகரத்துப் பறவைச் சங்கம் கேட்டிருந்தது. போன ஆண்டு வேதமாணிக்கம் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையைச் சங்கச் செயலாளர் நாற்பது பேர் நடுவில் வாசித்துவிட்டு, மண்டிக்காரர் அளவு கொஞ்சம் தாராளம்தான் என்று சிரித்தார். மூன்று தலைமுறையாக அந்த மண்டியின் மரக்காலை யாரும் சந்தேகித்ததில்லை. அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக வேதமாணிக்கத்தின் காதில் இருந்தது. அதனால் இந்த முறை இரண்டு எண்ணிக்கை. அவர் வானத்தைப் பார்த்து எண்ணுவார். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெள்ளை மணலில் ஓடும் நிழல்களை ராசையா எண்ணுவான். மேட்டைத் தாண்டும்போது பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும். நிழல் தெளிவாக விழும். இரண்டும் ஒத்துப்போனால் எவனும் சிரிக்க முடியாது.

தவறு எங்கே என்று அவருக்கு உடனே புரிந்தது. மண்டியில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் சொல்வார்கள். அடுத்தது இரண்டு. புதிதாக வேலைக்கு வந்தவன் லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்துவிட்டு, லாபத்தைத் தனியாக இன்னொரு தடவை சேர்த்து ஒரு மரக்காலைக் கூட்டிவிடுவான்.

"லாபந்தாம்ல ஒண்ணு. மண்டியில பொறந்தவனுக்கு இதையும் சொல்லணுமா?"

"நான் லாபத்தத் தனியாச் சேக்கவே இல்லண்ணே. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் வந்தேன்."

சவுக்கு நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த எத்திராஜ், மண்டிக்காரர் வானத்தையே மூட்டை கட்டப் பார்க்கிறார் என்று தனக்குள் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த கூட்டம் ஒன்பது. தம்பிக்குப் பத்து. அதற்குப் பிறகு வெகுநேரம் வானம் வெறிச்சோடிக் கிடந்தது. கிழக்கே கடலின் இரைச்சலும், மேற்கே உப்பங்கழியின் சேற்று வாடையும், குப்பத்துப் பக்கமிருந்து காற்றில் வரும் கருவாட்டு நாற்றமும், மணலுக்கடியில் எதுவோ மெல்லப் பெருமூச்சு விடுவதுபோல் எழுந்து அடங்கும் வெக்கையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பிறகு ஒற்றைப் பருந்து ஒன்று தெற்கிலிருந்து வந்தது.

"லாபம்," என்றான் ராசையா. சற்று நேரம் கழித்து, "ரெண்டு."

வேதமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். தம்பியின் முகம் வெளிறியிருந்தது. எப்போதும் ஒன்று முன்னால் வருகிறது, மற்றவை அதற்குப் பிறகுதான் வருகின்றன, அது வரும்போது நண்டுகள் வளைக்குள் போய்விடுகின்றன என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

எத்திராஜ் பீடியை மணலில் புதைத்துவிட்டு எழுந்து வந்தான். லாபம் என்றால் என்ன என்று கேட்டான். வேதமாணிக்கம் சொன்னார். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை.

"இன்னா நைனா இது. வர்றது இன்னான்னே தெரியாம, லாபம் லாபம்னு அத்த கூப்ட்டுகினு கீறீங்க. கூப்ட்டா வராம இன்னா பண்ணும்? படகு ரெடியா கீது. கெளம்பு."

கிளம்பியிருக்கலாம். ஆனால் பாதி எண்ணிக்கையோடு அந்தச் செயலாளர் முன்னால் போய் நிற்பதை நினைத்தபோது வேதமாணிக்கத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. மாலைவரை இருப்போம் என்றார். எத்திராஜ் படகில் காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனான்.

மூன்று மணிக்கு அவரே மணலைப் பார்த்து உட்கார்ந்தார். ஈஸ்டர் முடிந்ததும் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீட்டார் தூத்துக்குடிக்காரர்கள். மணலில் நிழலைக் கண்டு பயந்து ஓடிவந்த மாப்பிள்ளை என்று அவர்கள் காதில் விழக்கூடாது. இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, சரிவில் கிடந்த நண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைகளுக்குள் மறைந்தன. கடல் இரைச்சல் தேய்ந்தது. அலை இருந்தது. சத்தம் இல்லை.

நிழல் வந்தது.

அவர் அண்ணாந்தார். வானத்தில் எதுவும் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. குனிந்தால், மணலில் அது வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பெரிதாக, ஓரங்கள் மங்கலாக, வெகு உயரத்தில் இருக்கும் ஒன்றின் நிழல்போல.

அவருக்கும் பயம்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது மண்டியில் பேசும் குரல். தம்பியிடம், மேட்டின் உச்சியில் போய் நில், அது தாண்டும் இடத்தில் குச்சியால் கோடு போடு, கோடு இருந்தால் சாட்சி என்றார்.

"வேண்டாண்ணே. அது தாண்டிப் போகல. நின்னு பாக்குது."

"எதைப் பாக்குது?"

"எம் நெழல."

"நம்ம பேரு பெருசா, ஒம் பயம் பெருசா? போய் நில்லுல."

ராசையா போய் நின்றான். அண்ணன் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. மேற்கே சாய்ந்த வெயிலில் அவன் நிழல் கடலைப் பார்த்து நீளமாகச் சரிவில் விழுந்தது.

வட்டம் சுருங்கியது.

நிழலின் ஓரங்கள் கூர்மையாயின. இறகு இறகாகத் தெரிந்தது. கீழே இறங்குகிறது. வானம் வெறுமை. மணல் சில்லிட்டது. இறங்குகிறது. கால்கள் நீண்டன. நகங்கள் விரிந்தன.

"ராசையா, வந்துரு."

அவன் அசையவில்லை.

அது தொட்டது.

தம்பியின் நிழல் அவன் பாதங்களிலிருந்து விடுபட்டது. ஈரத் துணியைத் தரையிலிருந்து உரிப்பதுபோல், முதலில் ஒரு குதிகால், பிறகு மற்றது. மணல் மேல் எழும்பியது. பெரிய நிழல், அதன் காலில் தொங்கும் மனித நிழல். அந்த நிழலின் கைகள் அடித்துக்கொண்டன. உதறின. எதையோ பிடிக்கத் துழாவின. மேட்டின் உச்சியில் நின்ற ராசையாவின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கின.

மேடு தாண்டி. சவுக்கு தாண்டி. உப்பங்கழித் தண்ணீரின் மேல், வடக்கே. சிறிதாகி, சிறிதாகி.

கடல் மறுபடி இரைந்தது.

மாப்பிள்ளை முகத்துவாரத்தில் மூழ்கிப்போனான், கல்யாணம் நின்றதற்கு அதுதான் காரணம் என்று ராயபுரத்தில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. ராசையா தண்ணீரில் இறங்கவே இல்லை. அன்று மாலை ரயிலில் அண்ணனோடு வீடு திரும்பினான். இப்போதும் மாடி அறையில்தான் இருக்கிறான். பகலில் அந்த அறையின் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. ஒரே ஒருநாள் தெரியாமல் திறந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு நேரே அவன் நின்றுகொண்டிருந்தான். வெயில் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரில் முழுதாக விழுந்தது.