பக்கத்து நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இசைவாணி ஓசூரிலிருந்து தூத்துக்குடிக்குக் காணொளியில் பேசுவாள். திரையில் அம்மா சுகந்தி சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அதன் முன்னாலும் ஒரு தட்டு இருக்கும்.

“தம்பிக்குப் பசியே எடுக்கலயாம் வாணி. நீயாவது சொல்லேன்” என்பாள் அம்மா, அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தபடி.

“சாப்பிடச் சொல்லும்மா” என்பாள் வாணி. பிறகு பேச்சை மாற்றிவிடுவாள்.

சிறைகளை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது தண்டனை, படநீக்கம். தண்டனை பெற்றவரின் முகத்தையும் குரலையும் எந்தக் கருவியும் பதிவு செய்யாது. எல்லாக் கருவியிலும் இருக்கும், அரசு முத்திரையிட்ட கேமரா இயக்கி என்ற மென்பொருள் அந்த ஆளை அழித்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரை அந்த இடத்தில் வரைந்துவிடும். மற்றவர்களை மெருகேற்றிக் காட்டும். பேருந்து, கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றின் கதவையும் கேமராதான் திறக்கிறது. கேமராவுக்குத் தெரியாதவனுக்கு ஊர் முழுக்கப் பூட்டு.

துறைமுகத்தில் கண்காணிப்புக் கேமரா ஒன்றை உடைத்ததற்காக வாணியின் தம்பி மாறனுக்கு அந்தத் தண்டனை கிடைத்தது. பிறகு அவன் ஏறிப்போன படகு கவிழ்ந்தது. ஆள் பிழைக்கவில்லை என்று போலீஸ் கோப்பை மூடியது. வாணி எதிர்வீட்டு அக்காவை அனுப்பிப் பார்த்தபோதும், வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை என்றுதான் அவள் போனில் சொன்னாள். அம்மாவுக்குத் துக்கத்தில் மனம் பிசகிவிட்டது என்றார் டாக்டர். மதுரையில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை வண்டி வந்து அம்மாவை அழைத்துப் போகும்.

போன வாரம்தான் வாணி அந்தக் காலண்டரைக் கவனித்தாள். மின்விசிறிக் காற்றில் அம்மாவின் முடி பறந்தது, மேசைவிரிப்பு ஆடியது. காலி நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் மட்டும் ஒரு தாளும் அசையவில்லை, வரைந்து வைத்ததுபோல.

வாணி அன்றே ஒரு பென்டிரைவை அனுப்பினாள். அதில் திறமூல இயங்குதளம் ஒன்றும், முத்திரை இல்லாத கேமரா இயக்கியும் இருந்தன. பிடிபட்டால் வேலை போகும். ஆனால் மாறன் அங்கே இருந்தால் காப்பகத்து வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஞாயிறன்று போனில் வழி சொல்லச் சொல்ல, அம்மா மடிக்கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

“பச்ச லைட் எரியுதாம்மா?”

“எரியுது.”

காணொளி இணைந்தது. ஆனால் வாணியின் திரை முழுக்க இருட்டு. இயக்கியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னாள். மறுபடியும் இருட்டு.

“கேமராவ ஏதாவது மறைக்குதான்னு பாரும்மா.”

“ஒண்ணுமில்லட்டி. புதுசா போட்டிருக்கோம்லா, மேல நடுவுல சந்தனம் வச்சு குங்குமம் வச்சேன்.”

“எங்க நடுவுல?”

“குட்டியா ஒரு வட்டம் இருக்குல்லா, அதுலதான்.”

“ஐயோ அம்மா. அதான் கேமரா. கண்ண மூடிவிட்டா எப்படிப் படம் தெரியும்?”

“நல்ல காரியத்துக்குப் பொட்டு வைக்காம எப்படி ஆரம்பிக்க” என்று முணுமுணுத்தபடி அம்மா முந்தானையால் துடைத்தாள்.

முதலில் வந்தது செம்மஞ்சளான ஒரு கறை. அது விலகியது. காலண்டர் தாள்கள் படபடத்தன. அதற்கு முன்னால், நாற்காலியில், மாறன் உட்கார்ந்திருந்தான்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு ஏதோ பேசினான். சத்தம் வரவில்லை. யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாத, ஆனால் பழகிப்போன பேச்சு அது. இத்தனை ஞாயிறும் அவன் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

வாணி திரையருகே குனிந்தாள். “அம்மா, உனக்கு ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு வண்டி வராது. மைக்குக்கும் இதே மாதிரி ஒரு இயக்கி அந்தப் பென்டிரைவுல இருக்கு. அதையும் போட்டுருவோம்.”

“வேண்டாம் வாணி. முகம் தெரியுதுல்லா, அது போதும். சத்தம் எதுக்கு?”

“தம்பி ஏதோ பேசுதான்மா.”

“அவன் எப்பவும் பேசுவான். நீ போன வை.”

அம்மா விசைப்பலகைமேல் கையை விரித்து மூடினாள். மாறன் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தான். பிறகு அவனே மளமளவென்று தட்டினான். ஒரு கரகரப்பு. அதன் பின்னால் குரல்.

“அக்கா, கேக்குதா?”

“கேக்குதுடா.”

“எதிர்வீட்டு அக்கா வந்தன்னைக்கு போலீசுன்னு பயந்து மொட்ட மாடில ஒளிஞ்சு கெடந்தேன். அது கெடக்கட்டும். வண்டிய நிறுத்திராத. அம்மா ரெண்டு தடவ விழுந்துட்டா. மூணு நாளா சோறு இறங்கல. ஆஸ்பத்திரி வாசல் எனக்குத் தெறக்காது, என்னால தூக்கிட்டுப் போவ முடியாது. வாரா வாரம் இதத்தான் உன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

வாணி அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாளும் அழகாக வரைந்து காட்டிய கேமரா இல்லாமல், அம்மா எவ்வளவு மெலிந்திருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. நெற்றியோரம் பழுத்த காயம் ஒன்றும் இருந்தது.

“அப்போ நீ என்னடா பண்ணுவ?”

மாறன் கீழே பார்த்தான்.

அம்மா நாற்காலியை இழுத்து, அவனுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

“அவன் பேச்சக் கேக்காத வாணி” என்றாள். “நானும் போயிட்டா, இவன் இருக்கான்னு யாருக்குட்டி தெரியும்?”