மூன்றாம் கொழுந்து

"உங்ககிட்ட இருக்கறதிலேயே மட்டமான தேயிலை எது?"

கடைக்குள் வந்தவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். வெளியே கவானே மலையெல்லாம் மழை. அவள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபோதுதான் கல்லாவில் இருந்த ரியோஹெய் அந்தக் கண்களைப் பார்த்துத் தொலைத்தான்... நனைந்த கொழுந்தின்மேல் வெயில் விழுந்த மாதிரி. கோபம் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"மட்டமானது இங்க கிடையாதுங்க. எங்க மொச்சிஸுகி தோட்டம்னா முதல் கொழுந்துதான். கறுப்பு வலை கட்டி, வெயில் படாம வளத்து, மே மாசம் பறிச்சு..."

"தெரியும். இனிக்கும். எனக்கு வேணாம். வெயில்ல முத்தின ஆகஸ்ட் இலை வேணும். வாயில வைக்க முடியாத கசப்பு இருக்கணும்."

"யாருக்கு?"

"எலிக்கு."

சுவரில் நான்கு பரிசுச் சான்றிதழ்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ரியோஹெய் அவற்றைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் பெயர் இனாபா கயோ. ஷிசுவோகா நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே ஒரு ஜாதி எலிகள். குடலில் தானாகவே கட்டி முளைக்கும். பச்சைத் தேயிலையைக் கசக்க வைக்கும் கேட்டச்சின் என்ற சத்தைக் கொடுத்தால் அந்தக் கட்டிகள் குறைகின்றனவா, புற்றாகாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெயிலில் முத்திய இலையில்தான் அந்தச் சத்து அதிகம். பூச்சிமருந்து அடிக்காத இலையாகவும் இருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் மருந்தே அடிக்காதது இந்தத் தோட்டம் ஒன்றுதான்.

"ஆகஸ்ட்ல வர்ற மூணாம் கொழுந்தை நாங்க பறிக்கறதே இல்ல. செடியோட விட்டுடுவோம்."

"எங்களுக்காகப் பறிங்க."

"சரிங்க, சென்செய்." படித்தவர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்லை வைத்தே குத்தினான். "எலிங்களுக்குத் தொட்டுக்க பிஸ்கட்டும் அனுப்பட்டுமா?"

"வேணாம். உங்க கொழுப்பே போதும்."

சிரிக்காமல் சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. ரியோஹெய் அதைத் துடைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு வாரம், அவன் அனுப்பிவைத்த தேயிலைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"இது முதல் கொழுந்து."

ரியோஹெய் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அளந்து பாத்தேன். வேண்டிய சத்துல பாதிகூட இல்ல. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"பெட்டியில எங்க பேர் அச்சடிச்சிருக்கு..."

"எலி படிக்குமா அதை?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. "கட்டி முளைக்கறதுக்கு முன்னாடியே கொடுக்க ஆரம்பிக்கணும். திங்கக்கிழமை தாண்டினா இந்த எலிங்க வீண். புதுசு வாங்கித் தர மாட்டாங்க. மார்ச்சோட என் வேலையும் போயிடும்."

உள்ளறைக் கதவு நகர்ந்தது. அப்பா இசாவோ. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அந்த முத்தல் இலை என் ஆலையில ஏறாது" என்றார். "எம் பொண்டாட்டி பொறந்ததுலேர்ந்து இந்த மலை டீதான் குடிச்சா. குடல் புத்துலதான் போனா. டீ குடிச்சா அது வராதுன்னு போர்டு எழுதித் தர வந்தியாம்மா நீ?"

ரியோஹெய்க்குத் தரை பிளக்காதா என்றிருந்தது.

"இல்லைங்க" என்றாள் கயோ. "மனுஷங்களுக்கு வராம தடுக்குமான்னு எனக்குத் தெரியாது. எலிக்கே இன்னும் பாத்து முடிக்கல. தெரியலைங்கறதாலதான் வந்தேன்." அவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். "நீங்க குடல் பரிசோதனை பண்ணிக்கிட்டீங்களா?"

"தினமும் டீ குடிக்கறேனே."

"அது பரிசோதனை இல்லைங்க."

இசாவோ மோவாயைச் சொறிந்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கா" என்று மகனிடம் சொன்னார். "ஆலை அடுப்பை நான் பாத்துக்கறேன். வெட்டற மெஷினை மட்டும் என்னால பிடிக்க முடியாது. முட்டி போச்சு. ஆளை நீ பாத்துக்க."

சனிக்கிழமை மழை விட்டது. இலையில் ஈரம் காயும்வரை காத்திருந்துவிட்டு இருவரும் தோட்டத்தில் இறங்கினார்கள்.

தேயிலை வெட்டும் மெஷினுக்கு இரண்டு முனை. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ரியோஹெய், அந்தப் பக்கம் கயோ. ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் வெட்டு கோணலாகும். அந்த ஊரில் பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும்தான் பிடிப்பார்கள். கயோவுக்கு அது தெரியாது. எதிர்ச்சரிவிலிருந்து ஒரு குரல் அதைத் தெரியப்படுத்தியது.

"டேய் ரியோஹெய்! சொல்லவே இல்ல? கல்யாணச் சாப்பாடு எப்போடா?"

"உன் வேலையைப் பாருடா!" என்று கத்தினான். அவள் காது நுனி சிவந்திருந்தது. அவனுடையதும்தான். அதற்குப்பின் வெட்டு கோணலாகவே போனது.

வரிசை முடிவில் மெஷினை அணைத்தான். கயோ ஒரு இலையைக் கிள்ளி மென்றாள். முகம் அஷ்டகோணலாகியது... பிறகு மெல்ல மலர்ந்தது.

"அருமை. கொடூரமா இருக்கு."

ரியோஹெய் சிரித்துவிட்டான். திங்கட்கிழமைக்கு இலை இருக்கிறது. எலிகள் பிழைத்தனவோ இல்லையோ, இவள் பிழைத்தாள். அந்தத் தைரியத்தில் வாயும் திறந்தது.

"முதல் கொழுந்தை அனுப்பினது பேருக்காக மட்டும் இல்லைங்க."

"வேற எதுக்கு?"

"என் கையிலேர்ந்து உங்களுக்கு வர்ற முதல் பொருள்... மட்டமா இருக்க வேணாம்னு."

"அது எலிக்குத்தானே?"

"எலிமேல எனக்கென்னங்க பாசம்?"

அவள் சிரிக்கவில்லை. செடிமேல் கிடந்த ஒரு காம்பைத் தட்டிவிட்டாள். இன்னொன்றையும் தட்டிவிட்டாள்.

"அந்த முதல் கொழுந்துல ஒரு கரண்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் குடிச்சேன்" என்றாள். "அப்புறம் உங்களைத் திட்ட ரயில்ல வந்தேன். வழி பூரா ஒத்திகை பாத்தேன்... திட்டு ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல. உங்களை மறுபடி பாக்கப் போறோம்னு மட்டும்தான் நின்னுது." கண்ணாடியை மேலே தள்ளினாள். அவனை நேராகப் பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டேன். இன்னும் ஏழு வரிசை இருக்கு, ஆரம்பிங்க."

ரியோஹெய் மெஷின் கயிற்றை இழுத்தான். இயங்கவில்லை. மறுபடி இழுத்தான். அவளையே பார்த்துக்கொண்டு இழுத்தால் அது இயங்காது.

"நான் இழுக்கட்டுமா?" என்று கேட்டாள் கயோ.