தம்பி தூங்கவில்லை

லிஃப்ட் நின்றது.

மாடியில் நின்றிருந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், அந்தரத்தில் நின்றது. விளக்கு ஒரு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது. வெளியே எங்கோ மழை கொட்டுகிற சத்தம்...

அவள் அலாரம் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அப்புறம் குத்தவே ஆரம்பித்துவிட்டாள்.

"அதக் குத்தினா ஆள் வரமாட்டாங்க... விரல்தான் வீங்கும்."

இருட்டில் ஒரு ஆண் குரல். கூட ஒருவன் ஏறியதையே அவள் கவனிக்கவில்லை. கையில் இருந்த காகிதங்களில் அப்படி மூழ்கியிருந்தாள்.

"நீங்க என்ன, லிஃப்ட் டாக்டரா?"

"கிட்டத்தட்ட. லிஃப்ட் மெக்கானிக்."

"அப்ப சரி பண்ணுங்க!"

"உள்ள மாட்டிக்கிட்டு எப்படிப் பண்றது? எந்த டாக்டராவது தனக்குத்தானே ஆபரேஷன் பண்ணிப்பாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புதான், இருந்தாலும் சிரிப்பு. அவன் செல்போன் விளக்கைப் போட்டுத் தரையில் வைத்தான். கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அந்தக் கண்கள்... தூங்கிப் பல நாளான கண்கள். அவ்வளவு களைத்துப்போன கண்களால் இன்னொருவருக்கு எப்படித் தைரியம் சொல்ல முடிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"லிஃப்ட் கீழ விழாதுங்க. காத்து வருது. கரண்ட் வந்ததும் தானா போகும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள்... இவ்வளவு சொன்னவனுடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நின்றது.

"உங்களுக்கு பயமா இருக்கா?"

"லிஃப்ட்டப் பாத்து பயம் இல்ல. கதவு மூடியிருந்தாத்தான் கொஞ்ச நாளா..."

"ஏன்?"

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்பது அவள் பிழைப்பு. அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்த வானொலியில் 'ஒருவர், ஒரு மணி நேரம்' என்கிற நேர்காணல் அவளுடையது. போரில் வீடு இழந்தவர், தேர்தலில் தோற்றவர், கூலிக்காகப் போராடுகிறவர், நாடு நாடாகப் போய்ப் பாடுகிறவர் என்று யார் வந்தாலும் மெல்லக் கேட்டுக் கேட்டே உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கேள்விக்குறி'. "மாப்பிள்ளை பாக்க வந்தா அவரையும் ஒரு மணி நேரம் பேட்டி எடுத்துத் துரத்திடுவா" என்பாள் அக்கா.

அவன் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான்.

"என் தம்பி ஒரு இடத்துல மாட்டிக்கிட்டான். வெளிப்பக்கம் பூட்டு. போன் பண்ணினான். நான் பைக்க எடுத்துக்கிட்டு ஓடறேன்... போன் காதுலயே இருக்கு. 'அண்ணா, கதவத் தட்டறோம், யாரும் வரல'ன்னான். சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குன்னான். புகைல இருமறான். அப்புறம், 'சார்ஜ் இல்லண்ணா, வச்சிடறேன்'னு வச்சிட்டான். அவ்வளவுதான்."

அவள் செல்போன் வெளிச்சத்தை அவன் முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மாகிட்ட, தூக்கத்துலயே போயிட்டான், ஒரு வலியும் தெரியலன்னு சொல்லியிருக்கேன். அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுதான் அவங்க சாப்பிடறாங்க, எந்திரிக்கறாங்க."

புகை... பூட்டு... சூப்பர்வைசர்... அவளுக்குத் திக்கென்றது. துணி கோடவுனில் பிடித்த தீ. இன்று மதியம் அவள் பேட்டி எடுக்க வேண்டிய மனிதர், செத்துப்போன தொழிலாளிகளின் குடும்பங்களுக்காக வழக்கு நடத்துகிற ஒரு அண்ணன். அவள் மடியில் இருந்த காகிதங்கள் அத்தனையும் இவனைப் பற்றியவை!

விருந்தினரைப் பதிவுக்கு முன்னால் பார்ப்பதில்லை என்பது அவள் வழக்கம். போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டாள். முன்னாடியே பேசிவிட்டால் மைக் முன்னால் வருவது ஆறின சோறுதான் என்பாள். இப்போது அந்த வழக்கமே அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது.

'நான்தான் உங்களைப் பேட்டி எடுக்கப் போகிறவள்' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க... யாருன்னே தெரியாதவங்ககிட்ட சொல்றது ஈஸியா இருக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

விளக்கு வந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி மேலே போனது. அவள் ஐந்திலேயே இறங்கிப் படியேறி ஓடினாள்.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்து அவள் எதிரே உட்கார்ந்தபோது அவன் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் தெரிந்தது. "அட, நீங்களா..." என்றான். பிறகு மைக்கைப் பார்த்தான். மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தான். லிஃப்டில் அவள் மடியில் இருந்த அதே காகிதங்கள். சந்தோஷம் மெல்ல வடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கையைக் காட்டினார். ஊசி விழுந்தாலும் பிடித்துவிடுவதால் அவருக்கு 'காது' என்று பெயர்.

பேட்டி தொடங்கியது. அவன் எல்லா இடத்திலும் சொல்கிறதைச் சொன்னான். கம்பெனியின் வாதம், விசாரணையின் இழுத்தடிப்பு, துணி வாங்குகிற வெளிநாட்டுக் கடைகளின் மௌனம். எல்லாம் நியாயம், எல்லாம் சரி. ஆனால் ஒப்பிப்பது போல இருந்தது. அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் வானொலியின் நிகழ்ச்சித் தலைவர் முணுமுணுத்தார்: "உயிரே இல்ல. உள்ள போ... உள்ள போ..."

"கதவு திறந்துதான் இருந்துச்சு, ராத்திரி ஷிப்ட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, அதான் செத்தாங்கன்னு கம்பெனி சொல்லுது." இதுவரை சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க தம்பி... அன்னிக்குத் தூங்கிட்டு இருந்தாரா?"

கேட்டுவிட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தான்.

"இல்ல. முழிச்சிருந்தான். கதவத் தட்டிட்டே இருந்தான். என்கிட்ட பேசினான். போதுமா?"

பேட்டி முடிந்ததும் வராந்தாவில் ஓடிப்போய் அவனை மறித்தாள்.

"லிஃப்ட்ல நான் அழுதது வேற யார்கிட்டயோன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"நான் ஒண்ணும் வேணும்னு உங்களோட லிஃப்ட்ல மாட்டிக்கல!" ரோஷம் அவளை முந்திக்கொண்டு பேசியது. "நாலு பேருக்கு நியாயம் கிடைக்கணும்னா உண்மைய சொல்லித்தான் ஆகணும்."

"உண்மைதாங்க. எங்க அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க நிகழ்ச்சியக் கேப்பாங்க... அதுவும் உண்மைதான்."

அவன் படிகளில் இறங்கிப் போனான். அவள் அப்படியே நின்றாள். ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ... கண்கள் மட்டும் எரிந்தன.

"இந்த வருஷத்துலயே இதுதான் பெஸ்ட்" என்றார் நிகழ்ச்சித் தலைவர், மறுநாள்.

"அந்தக் கேள்வியையும் பதிலையும் எடுத்துடறேன் சார்."

"பைத்தியமா உனக்கு? தூங்கிட்டாங்கன்னு அவங்க சொல்றாங்க, இல்லன்னு இவன் சொல்றான். கேஸே இதுலதான் நிக்குது. இத எடுத்துட்டா நீ யாருக்கு உதவி பண்றே? கம்பெனிக்குத்தான்!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. தம்பி தூங்கினான் என்றால் அம்மா பிழைப்பாள், வழக்கு சாகும். தூங்கவில்லை என்றால் வழக்கு பிழைக்கும்... அம்மா?

"அது என்கிட்ட சொன்னது சார். நிகழ்ச்சிகிட்ட சொல்லல. எங்க கை வச்சா வலிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டுக் கேட்டேன். எப்ப சொல்றதுன்னு அவர்தான் முடிவு பண்ணணும்."

"அப்ப அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆள் உக்காருவாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். யோசித்தும் அதையேதான் செய்தாள். ஒலிப்பதிவாளர் கேள்வியை வெட்டினார், பதிலை வெட்டினார். அப்புறம் திரும்பி, "இந்த மூச்சு தனியா நிக்குதேம்மா, எடுத்துடவா?" என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். நெஞ்சு நிறைய இழுத்த அந்த மூச்சு...

"வேண்டாம் சார். இருக்கட்டும்." அதையாவது வைத்துக்கொள்ளத் தோன்றியது. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

நிகழ்ச்சி கைவிட்டுப் போயிற்று. மூன்றாவது மாடியில், வெளிநாட்டுச் செய்திகளைச் சுருக்கி எழுதுகிற அறையில் ஒரு மூலை நாற்காலி கொடுத்தார்கள். உலகத்துத் துக்கமெல்லாம் நாலு வரியில் எழுத வேண்டும். எழுதினாள். தன் துக்கத்துக்குத்தான் ஒரு வரிகூட வரவில்லை.

ஒரு மாலை, கீழே கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு திரும்பினாள்... அவன் நின்றான். சட்டை முழுக்க நனைந்து, முடியிலிருந்து நீர் சொட்ட.

"உக்காரலாமா?"

தலையை மட்டும் ஆட்டினாள். கையில் இருந்த டீயை அவன் பக்கம் நீட்டினாள்.

"அம்மா நிகழ்ச்சி கேட்டாங்க. நான் வேற ரூம்ல உயிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது வரல. நீங்க எடுத்துட்டீங்கன்னு புரிஞ்சுது. அப்பாடான்னு வெளிய வந்தா, அம்மா கேக்கறாங்க... 'நடுவுல ஒரு மூச்சு இழுத்தியே, அதுக்கப்புறம் என்னடா சொன்னே?'"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன மூச்சு!

"ஒண்ணும் சொல்லலம்மான்னேன். 'சின்ன வயசுலேர்ந்து நீ அழப்போறப்ப இப்படித்தான் மூச்சு விடுவே. தம்பி தூங்கலன்னு சொன்னியா?'ன்னு கேட்டாங்க."

"அவங்களுக்கு... எப்படி..."

அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சார்ஜ் இருந்திருக்குங்க. எனக்குப் பண்ணின போன வச்சிட்டு அம்மாவுக்குப் பண்ணியிருக்கான். இருமல அடக்கிக்கிட்டு, 'சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா'ன்னு கேட்டிருக்கான். வேற ஒண்ணுமே சொல்லல. பின்னாடி கதவத் தட்டற சத்தம் அம்மாவுக்குக் கேட்டுச்சாம். நான் வந்து, தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னதும், 'அப்படி நம்பினாத்தான் பெரியவன் தாங்குவான்'னு வாய மூடிக்கிட்டாங்க. ஒரே வீட்ல... இவ்வளவு நாளா... நான் அவங்களக் காப்பாத்தறேன், அவங்க என்னக் காப்பாத்தறாங்க!"

அவள் அழுதாள். கேன்டீனில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள்.

"'போய்ச் சொல்லுடா, அவன் தூங்கலன்னு ஊரே கேக்கட்டும்'னாங்க. ஞாயித்துக்கிழமை அதே நிகழ்ச்சில, நேரலையா சொல்லப் போறேன். நீங்கதான் கேப்பீங்கன்னு வந்தேன். மேல போனா... உங்கள மாத்திட்டதா சொன்னாங்க. எனக்காகவா?"

"உங்களுக்காகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஏசி எனக்கு ஒத்துக்கல."

"பொய் சொல்ல வரல உங்களுக்கு."

ஈரக் கண்களோடு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்க மேல கோவமா இருக்கணும்னு தினமும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கோவம் வரல. உங்க மொகம்தான் வந்துச்சு. தம்பி போனதுக்கப்புறம் மனசுல வேற ஒருத்தர் மொகம் வர்றதே தப்புன்னு தோணுது... ஆனா வருது. நான் என்ன பண்றது?"

எத்தனை பேரை எத்தனை கேள்வி கேட்டிருப்பாள்... ஒருவன் கேட்ட ஒரே கேள்விக்கு அவளிடம் பதில் வரவில்லை. கன்னம் மட்டும் சுட்டது.

"பதில் இப்ப வேண்டாம்" என்றான். "ஒரு உதவி. ஞாயித்துக்கிழமை நான் இங்க இருப்பேன். அத தனியா கேக்க அம்மாவால முடியாது. பக்கத்துல யாராவது..."

"நான் போறேன்" என்றாள், அவன் முடிப்பதற்குள்.

சின்ன வீடு. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரில் சிரிக்கிற தம்பி. அம்மா வானொலியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ரேடியோல கேள்வி கேக்கற பொண்ணா நீ? இன்னிக்கு நீ கேக்கலையா?"

"இல்லம்மா. இன்னிக்கு உங்களோட உக்காந்து கேக்க வந்தேன்."

நிகழ்ச்சி தொடங்கியது. புதியவர் அறிமுகம் சொன்னார். அவன் பேச ஆரம்பித்தான். கம்பெனி, பூட்டு, சாவி... அம்மாவின் விரல்கள் வானொலியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தன. அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

அம்மா திரும்பினாள். "என் பையன் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டான். நீ அவனுக்கு யாரும்மா?"

அவனிடம் சொல்ல வராத வார்த்தை, இங்கே தயக்கமே இல்லாமல் வந்தது.

"அவர எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னும் அவர்கிட்டகூட சொல்லல."

அம்மா அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். வானொலியில் அவன் குரல் தடுமாறி நின்றது. அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அப்ப தள்ளி உக்காராத. கிட்ட வா... அவன் தம்பியப் பத்திச் சொல்லப் போறான். நீயும் தெரிஞ்சுக்கணும்."

நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா வானொலியை இருவர் மடியிலுமாக மாற்றி வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

"என் தம்பி தூங்கல" என்றான் அவன்.