விரித்துரைப்பான் சொல்லாதது

காலை ஏழு மணிக்கு, கட்டில் தலைமாட்டிலிருந்த விரித்துரைப்பான் கணீரென்று வாசித்தது: "நோயாளி பாக்கியவதி, வயது எழுபத்திரண்டு. நன்றாக உறங்கினார். சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார்."

"ஒத்துழைக்காம எங்க ஓடப்போறேன்?" என்றார் ஓய்வுபெற்ற டாக்டரான பாக்கியவதி.

கணையத்தில் கட்டி. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நியூசிலாந்திலிருக்கும் மகன் ரூபனை இப்போதே கூப்பிடுவதா, கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதுமா?

மருத்துவர்கள் கிறுக்கும் சுருக்கங்களை எளிய தமிழாக்கி நோயாளிக்கே வாசிக்கும் கருவிதான் விரித்துரைப்பான். அதை மருத்துவமனைகளில் கட்டாயமாக்கிய குழுவில் பாக்கியவதியும் இருந்தார். "அவங்க உடம்பைப் பத்தி அவங்களுக்குப் புரியாத மாதிரி எழுத நாம யாரு?" என்று மேசையைத் தட்டிப் பேசினார். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

இப்போது, கருவி வருவதற்கு முன் தான் வேலை பார்த்த பழைய வார்டுக்காக மனம் ஏங்கியது. 'பி.டி.' என்றால் இருவேளை மருந்து. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். கேஸ் ஷீட் ஓரத்தில் 'ஜி.சி. புவர்' என்றிருந்தால் உடல்நிலை மோசம். டூட்டி மாறி வருபவர் முதலில் அந்தக் கட்டிலுக்குத்தான் போவார். உறவினரை வராந்தாவுக்கு அழைத்து, "வெளியூர்ல இருக்கவங்களுக்குச் சொல்லிருங்க" என்பார். அந்த எழுத்துகளைப் பார்த்து பாக்கியவதியே எத்தனை பிள்ளைகளை நேரத்துக்கு வரவழைத்திருக்கிறார்!

புதிதாகப் பொறுப்பேற்ற டாக்டர் இர்ஃபான் வந்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. மகனை எப்ப வரச் சொல்ல?"

இர்ஃபான் கைக்கணினித் திரையை மேலும் கீழும் தள்ளினார். "எனக்கு முன்னால பார்த்தவங்க மாத்தலாகிப் போயிட்டாங்க மேடம். 'தொடர்ந்து கவனிக்கப்படுகிறார்'னு மட்டும் எழுதியிருக்காங்க."

"போன மாசத்துக்கு இப்ப எப்படி?"

"அதுவும் எழுதலை மேடம். மோசம்னு எழுதினா கருவி வாசிச்சிரும். நோயாளி அழுவாங்க, புகார் வரும். அதனால யாரும் எழுதறதில்லை, அடுத்து வர்ற டாக்டர்கிட்ட வாயாலதான் சொல்லுவோம். அவங்க சொல்லாமலே போயிட்டாங்க."

இர்ஃபானுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பாக்கியவதிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

இர்ஃபான் போனதும் ரூபனைப் போனில் அழைத்தார்.

"ஏல ரூபா, இன்னைக்கே கெளம்பி வாலே."

"ஏம்மா, டாக்டர் எதுவும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலைலே. தேறியிருந்தா சொல்லியிருப்பாங்கல்லா."