மூங்கில்பள்ளத்துக்குப் போன ஏழு சைக்கிள்கள்

காலை ஏழு மணிக்குப் பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் வழக்கம்போலத் தாமாகவே நின்றன. யாரும் கை காட்டவில்லை. தடுப்புக் கம்பமும் கிடையாது. சாலையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. அதைத் தொட்டதும் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். வழி தவறி வந்தவர்கள் இறங்கிச் சோம்பல் முறித்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கோட்டுக்கு மேலே இருந்த மலை முழுவதும், ஆட்கள் குடியிருக்கக் கூடாத ‘ஓய்வுநிலம்’.

கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தகரக் கொட்டகை. சகாயமேரி அதில் ஒரு சைக்கிள் சட்டத்தை மடியில் கிடத்தி, கரண்டிக் காம்பால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல எஃகுக் குழாய் கணீரென்னும். உள்ளே துரு தின்றிருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். இது மண்ணில் புதைந்த ஒரு விடுதியின் கிடங்கிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்துச் சுற்றுலாக்காரர்கள் மலையேறி விளையாடிய மவுண்டன் பைக். நூறு வயது ஆகியும் குழாய் கணீரென்றது.

“தேறுமா?” என்று கேட்டான் ஒச்சப்பன்.

“தேறும்ணே. முன்சக்கரத்தப் பிடிக்கிற போர்க்கு மட்டும் கோணியிருக்கு. நிமித்திப்புடலாம்.”

அவர்கள் இருவரும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். சக்கரம், செயின், பால்ரஸ், பிரேக் எல்லாம் அவள் கை. வெட்டுவதும் பித்தளை ஒட்டு வைப்பதும் அவன் கை. அவள் பழுது நீக்கிய சைக்கிளின் பின்னால் அவன் குழாய்களை நீட்டி ஒட்டி, ஓர் ஆளைக் கிடத்திக் கொண்டுவருகிற அளவுக்குப் பாரச்சட்டம் கட்டுவான். அப்படி ஏழு சைக்கிள்கள் ஓடின.

இந்தக் காலத்து வண்டிகளின் உடல், கரிம இழைகளை நெய்து செய்த நெய்கரிமத்தால் ஆனது. அந்த நெசவுக்குள்ளேயே ‘வழிக்கண்’ என்னும் சில்லு இருக்கும். எங்கே போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று வழிக்காப்பு ஆணையம் அதற்குச் சொல்லும்; வண்டி எங்கே போகிறது என்று அது ஆணையத்துக்குச் சொல்லும். தொடர்ந்து பதினோரு வருடம் மலைகள் சரிந்த பிறகு வந்த சட்டம் அது. ‘ஆணைய வண்டிகள் தவிர, வழிக்கண் உள்ள எந்த வண்டியும் ஓய்வுநிலத்துள் செல்லலாகாது’ என்று எழுதினார்கள். வழிக்கண்ணே இல்லாத வண்டி ஒன்று மிச்சமிருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஓய்வுநிலத்திலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டதாகக் கணக்கு. ஆனால் மூங்கில்பள்ளத்தில் நாற்பத்து மூன்று பேர் இறங்கவில்லை. அடர்ந்த காட்டுக்குள் ஆணையம் வானில் பறக்கவிட்ட பறவைக் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தார்கள். அவர்களுக்கு உப்பும் மருந்தும் கொண்டுபோனவை இந்தச் சைக்கிள்கள்தாம். இரண்டு முறை பிரசவ வலியோடு இருந்த பெண்களைப் பாரச்சட்டத்தில் கிடத்தி இறக்கியிருக்கிறாள் சகாயமேரி.

அன்று புதன்கிழமை. மூங்கில்பள்ளத்துப் பேச்சிக்கு இன்சுலின் கொண்டுபோக வேண்டிய நாள்.

“இன்னைக்குப் போகணுமா? வெள்ளிக்கெழம போயேன்” என்றான் ஒச்சப்பன். அவன் அவளைப் பார்க்காமல் ஒட்டுக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு நாளையோட மருந்து முடியுதுண்ணே” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

இரண்டாவது ஓடையைத் தாண்டியபோது மரத்தில் ஆணையத்துக்காரர்கள் வழி குறிக்கும் நீலச் சாயம் தெரிந்தது. பிறகு அடுத்த மரத்திலும். மேடு செங்குத்தாகி அவள் எப்போதும் இறங்கித் தள்ளுகிற இடத்தில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்கள். போன மாதம்தான் அவள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. பாறைக்கும் ஆலவிழுதுக்கும் நடுவே சைக்கிள் கைப்பிடி மட்டும் நுழையும். அங்கே பாறையையே உடைத்து அகலப்படுத்தியிருந்தார்கள்.

மூங்கில்பள்ளத்தில் யாரும் இல்லை. அடுப்புகளில் சூடு இருந்தது. பேச்சியின் வீட்டு வாசலில் ஈரத்துணி பாதி பிழிந்தபடி கிடந்தது. கட்டியிருந்த ஓர் ஆடு அவளைக் கண்டு கத்தியது. அவள் அதை அவிழ்த்துவிட்டாள்.

எந்த இடத்தில் இறங்கித் தள்ளினாள் என்பதுவரை ஆணையத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆளைப் பின்தொடர்ந்திருந்தால் அவள் கவனித்திருப்பாள். அப்படியானால் சைக்கிள்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அச்சையும் இருக்கைக் குழாயையும் கழற்றிப் பார்த்தாள். அவையெல்லாம் அவள் கைபட்ட இடங்கள்; ஒன்றும் இல்லை. அவள் கைபடாத இடம் பாரச்சட்டம்தான். அதன் இடதுகாலின் அடியில், மழைத்தண்ணீர் வடிய என்று ஒச்சப்பன் போட்ட ஊசித்துளை இருந்தது. துளையிலிருந்து முடி போன்ற கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

பித்தளை ஒட்டை அரத்தால் ராவினாள். குழாய் மூடி விழுந்தது. சூடு தாக்காதபடி களிமண்ணில் பொதிந்த உருண்டை ஒன்று உள்ளங்கையில் உருண்டது. உடைத்தால் அரிசி அளவில் ஒரு வழிக்கண். சக்கரத்தோடு இணைக்காததால் அது வண்டியை நிறுத்தவில்லை; தடத்தை மட்டும் சொல்லியிருக்கிறது. ஒட்டு வெகு நேர்த்தியாக இருந்தது. மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பித்தளை. அப்படி ஒட்டு வைக்க அந்த மலையில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

மதியம் கொட்டகைக்கு வந்து அதை அவன் முன்னால் வைத்தாள். அவன் மறுக்கவில்லை.

“ஏழுலயுமா?”

“ஏழுலயும்.”

“எப்ப இருந்து?”

“மூணு வருசமா.”

மூன்று வருடம். அவர்கள் ஒரே தூக்குவாளியில் சோறு தின்ற மூன்று வருடம். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதும் அதற்குள்தான்.

“மேல மூணு வருசமா விரிசல் விட்டிருக்கு சகாயம், இப்ப ரொம்ப அகலமாயிருச்சு. ஆணையத்துல அளந்து காமிச்சாக. எம் பொஞ்சாதியவும் மகளையும் மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தவன் நான். இன்னொரு தடவ என்னால ஆகாது.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டிருக்க மாட்ட. அந்த சனங்களும் கேட்டிருக்காது. வழி தெரியாம ஆணையத்தாலயும் ஏறியிருக்க முடியாது.”

“நான் கேட்டிருக்க மாட்டேன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்ட.”

அவன் ஒட்டுக்கம்பியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, “ஒம்மேல வழக்கு வரக்கூடாதுன்னு ஒம்பேர எழுதிக் குடுத்துருக்கேன். தகவல் தந்ததே நீதான்னு” என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “கையெழுத்து?”

“ஒங் கையெழுத்த நானே போட்டேன்.”

“எந்திரிச்சுப் போண்ணே” என்றாள். அவன் அசையாமல் இருந்தபோது இன்னொரு முறை சொன்னாள். இரண்டாவது முறை ‘அண்ணே’ இல்லை.

மறுநாள், மூங்கில்பள்ளத்துக்காரர்களை வைத்திருந்த அடிவார முகாமுக்கு இன்சுலினை எடுத்துக்கொண்டு போனாள். முகாம் வாசலில் திரையில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மூங்கில்பள்ளத்தை அடையாளம் காட்டிய சகாயமேரிக்கு ஆணையம் நன்றி சொல்லியிருந்தது. நாற்பத்து மூன்று பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். பேச்சி மருந்துப் பெட்டியை வாங்கவில்லை.

“இங்கயே ஊசி போடுறாக. ஒங்க மருந்து வேணாம்.”

“பேச்சி, நான் காட்டிக் குடுக்கல.”

“விடியக்காலையில ஒங்க சைக்கிளு தடத்துலதானக்கா வந்தாக? மொத வண்டியில இருந்தவன் நீங்க வந்துருக்கீகன்னு ஒங்க பேரச் சொல்லித்தான் கூப்புட்டான். நீங்கதான்னு நெனச்சு நாந்தேன் மொத ஆளா வெளிய வந்தேன்.”

பின்னால் நின்ற ஒரு கிழவர் தரையில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். கொட்டகைக்குத் திரும்பிய சகாயமேரி மீதி ஆறு சைக்கிள்களின் பாரச்சட்டங்களையும் அறுத்துப் போட்டாள். ஆறு களிமண் உருண்டைகள் கிடைத்தன.

அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் விடிகாலையில் மூங்கில்பள்ளம் இருந்த சரிவு மொத்தமாகப் பெயர்ந்து ஓடையில் விழுந்தது. சத்தம் கொட்டகைவரை கேட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஒச்சப்பன் மழையில் நனைந்தபடி வந்து கொட்டகைக்கு வெளியே நின்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“பாத்தியா சகாயம்” என்றான்.

“பாத்தேன்.”

“இப்பயாவது…”

“நீ சரியாத்தான் சொல்லியிருக்க. விரிசல் இருந்துருக்கு, மலையும் விழுந்துருச்சு” என்றாள். “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ஒவ்வொருத்தரா ஏத்தி எறக்கியிருப்பனோ, இல்ல ஒங்கூடச் சண்ட போட்டிருப்பனோ, எனக்கே தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. அதத்தான் நீ எடுத்துக்கிட்ட.”

அவன் உள்ளே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மழை ஓய்ந்த பிறகு பேச்சி வந்தாள். முகாம்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட வந்தார்கள். துப்பிய கிழவரும் இருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்து நீட்டினார்கள். பேச்சி சகாயமேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்காதீக. நீங்க மட்டும் காட்டிக் குடுக்கலைன்னா நாங்க இன்னைக்கு மண்ணுக்குள்ள கெடப்போம்.”

“நான் காட்டிக் குடுக்கல பேச்சி. அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்.”

பேச்சி சிரித்தாள். திரும்பி மற்றவர்களைப் பார்த்து, “பாத்தீகளா, இம்புட்டுச் செஞ்சுட்டு நான் செய்யலங்குறாக” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் சகாயமேரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

சகாயமேரி இன்னொரு முறை வாயைத் திறந்தாள். அத்தனை முகங்களும் ஈரக் கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.